பெகு பூகம்பம் 1930: கேட்டவர்களுக்குப் பதில்

2025 மார்ச் 28-ல் பர்மாவின் மாண்டலே பூகம்பத்தில் குலுங்கியதிலிருந்து, கட்டட வேலையில் இருக்கும் என்னிடம் நம்மவர்கள் அங்கே தெற்கில் உள்ள பெகுவை (இன்றைய பாகோ) 1930-ல் உலுக்கிய பூகம்பத்தைப் பற்றியே கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

பெகுவிலிருந்து ஒரு தங்கை: பகோடாவே விழுந்த வருஷம் என்று அப்பாயி சொல்வார். எப்போது, அண்ணே?

1930 மே 5, இரவு எட்டு மணிக்கு மேல், தங்கச்சி. அளவு சுமார் 7.3. பெகுவில் சுமார் 500 பேர் இறந்தார்கள், ரங்கூனில் சுமார் 50 பேர். இடிந்தது போதாதென்று தீயும் பிடித்தது. அன்று சரிந்த ஷ்வேமாடோ பகோடா, போருக்கு அப்புறம் 1954-ல்தான் 114 மீட்டர் உயரத்துக்கு மறுபடி எழுந்தது. அடுத்த முறை போனால் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். 1917 நிலநடுக்கத்தில் விழுந்த உச்சிப் பகுதியை அப்படியே பதித்து வைத்திருக்கிறார்கள்.

தட்டோன் நண்பர்: மாண்டலேயும் பெகுவும் ஒரே பிளவா?

ஆமாம், சகாயிங் பிளவு. பூமியின் பாறை இரண்டாக உடைந்து, இரு பக்கமும் உரசி நகரும் கோடு அது. வடக்குத் தெற்காகச் சுமார் 1,200 கிலோமீட்டர். மேற்குப் பக்க நிலம் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வடக்கே நகரப் பார்க்கிறது, ஆனால் பிளவு இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பிடி விட்டால் பூகம்பம். 2025-ல் ஒரே மூச்சில் 400 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்தது.

இதைக் கண்ணால் பார்க்க பெகுவுக்கு வடக்கே பயாஜி போங்கள். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய கோட்டைச் சுவர் ஒன்று பிளவின் மேலேயே நிற்கிறது. நேராகக் கட்டிய சுவர் இன்று அந்த இடத்தில் ஆறு மீட்டர் விலகிக் கிடக்கிறது. அது 1930-ல் மட்டும் நகர்ந்ததல்ல, அதற்கு முந்தைய பூகம்பங்களின் கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. 1930-ல் பக்கத்து வயல் வரப்புகளும் துண்டாகி விலகின. என்னைக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போக வேண்டும்.

ரங்கூன் பெரியவர்: 1930 மே மாதம் ரங்கூனில் நடந்த இந்தியர்-பர்மியர் கலவரத்துக்கும் இந்தப் பூகம்பத்துக்கும் தொடர்பு உண்டா?

இல்லை, ஐயா. மே 26-ல் வெடித்தது துறைமுகக் கூலித் தகராறு. தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்த இடத்துக்குப் பர்மியர்களை வைத்தார்கள். சமாதானமானதும் அந்தப் பர்மியர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நெல் விலையும் அப்போதுதான் விழுந்தது. செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகள் திருப்பிக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தார்கள். டிசம்பர் 4 அதிகாலையில் பெகுவுக்கு வடக்கே பியூவில் இன்னொரு பெரிய பூகம்பம், அதே மாதம் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. எல்லாம் ஒரே வருஷத்தில் வந்ததால் வீடுகளில் ஒரே கதையாகச் சொல்கிறார்கள். காரணங்கள் வேறு வேறு.

மோல்மீன் தம்பி: அடுத்தது எப்போது?

தேதி யாராலும் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதே. ஆனால் பெகு பக்கம் அந்தப் பிடி இறுகி 90 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதுதான் எனக்குப் பயம்.

பெகு கடைக்காரர்: கீழே கடை, மேலே மூன்று மாடி. என்ன செய்யலாம்?

கடை முகப்புக்காகக் கீழ்மாடிச் சுவரை எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் முழு எடையும் தூண்களில்தான், குலுங்கினால் முதலில் உட்காருவது அந்த மாடி. பொறியாளரைக் கூப்பிட்டுத் தூண்களைப் பார்க்கச் சொல்லுங்கள், தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையங்கள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஓரிரு பக்கமாவது கான்கிரீட் சுவர் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அதுவரை மொட்டை மாடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி ஏற்றாதீர்கள்.