கட்டுத்தறியிலேயே விடைகொடுங்கள்

கேள்வி: எங்களுக்குத் தாராபுரம் பக்கம். வீட்டில் பிறந்து வளர்ந்த காங்கேயம் பசு, 18 வயது. செவலைக் கன்றாகப் பிறந்து எங்கள் கண்முன்னே மயிலையாக வெளுத்தவள். மூன்று வாரமாகப் படுத்த படுக்கை. இடுப்பு போய்விட்டது, இனி எழ மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாபாரியிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று கேட்டால், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று மாமியார் அழுகிறார். 6 வயது மகன் அவள் பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறான். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, வியாபாரி பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். எழ முடியாத மாட்டைக் கயிறு கட்டி இழுத்துத்தான் வண்டியில் ஏற்ற முடியும். அந்த வலியை அவளுக்குக் கொடுக்கவே கூடாது. பயணம் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால்தான் மாட்டை ஏற்றலாம் என்று 1978-இல் வந்த விலங்குப் போக்குவரத்து விதிகளும் சொல்கின்றன. உங்கள் வீட்டுக்காரர் காசுக்காக இதைச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணெதிரே அவள் சாவதைப் பார்க்க மனசு வராமல் சொல்லியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்பார்.

இனி அவளைப் பாருங்கள். தீவனம் வைத்தால் வாய் வைக்கிறாளா? அசை போடுகிறாளா? நீங்கள் வந்தால் காதைத் திருப்புகிறாளா? இவை மூன்றும் இருக்கிற வரை அவளுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பொறுத்திருக்கலாம். பல்லை நறநறவென்று கடிப்பது, மூச்சு விடும்போதெல்லாம் முனகுவது, கண் உள்ளே போவது, தண்ணீரையும் ஒதுக்குவது எல்லாம் வலியின் அடையாளம். மாடு வாய்விட்டுக் கத்தாது. அதனால்தான் "அமைதியாகத்தானே படுத்திருக்கிறாள்" என்று நாம் நாளைக் கடத்திவிடுகிறோம்.

அதுவரை அவளைச் சிமெண்ட் தரையில் விடாதீர்கள். அவ்வளவு கனமான உடம்பு ஒரே பக்கமாக அழுத்தினால், சில மணி நேரத்திலேயே அடியில் மாட்டிய காலின் சதையும் நரம்பும் கெட ஆரம்பிக்கும். முழங்கால் புதையும் அளவுக்கு வைக்கோலோ மணலோ போட்டு, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். இரவிலும்தான். இதற்கு நான்கு ஆள் வேண்டும், அக்கம்பக்கத்தாரைக் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டால் வயிறு உப்பி மூச்சை அடைக்கும். வைக்கோல் அடைத்த சாக்கை அண்டக் கொடுத்து நெஞ்சு ஊன்றி உட்கார வையுங்கள். புண் வந்திருந்தால் அதைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவுங்கள், ஈ அண்டாது. புழு வைத்துவிட்டால் நீங்களே மருந்து தேடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியையும் கேட்கலாம்.

இவ்வளவு செய்தும் அவள் வேதனைப்பட்டால் ஊசி போடுவதே சரி என்பது என் கருத்து. உங்கள் மாமியாரின் பயத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. பட்டிப் பொங்கலுக்குப் பொங்கல் ஊட்டிய கை அல்லவா. அவரிடம் காந்தியின் கதையைச் சொல்லுங்கள். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. காந்தி சம்மதித்து, மருத்துவரை வைத்து ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தார். ஊரே கொதித்தது, கோபக் கடிதங்கள் குவிந்தன. வேறு வழியில்லாத உயிரின் துன்பத்தை முடிப்பதும் அகிம்சைதான் என்று அவர் தன் பத்திரிகையிலேயே பதில் எழுதினார். அத்தை உடனே சம்மதிக்காவிட்டாலும் பரவாயில்லை. டாக்டரையே வீட்டுக்கு வரவழைத்து அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். முடிவெடுக்கிற பாரம் அத்தை தலையிலோ உங்கள் தலையிலோ தனியாக விழக் கூடாது.

காலை நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே அடக்கமும் முடிந்துவிடும். அவளுக்குப் பழகிய இடத்திலேயே, பழகிய கை ஒன்று நெற்றியில் இருக்கட்டும். கழுத்து நரம்பில் மருந்து ஏறியதும் முதலில் நினைவு போய்விடும், அப்புறம்தான் இதயம் நிற்கும். அதன் பிறகும் கால் ஒருமுறை உதறலாம், பெரிய மூச்சு ஒன்று வரலாம், கண் மூடாது. அது வலியல்ல. இதை வீட்டில் எல்லோருக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், தெரியாமல் பார்த்தால் வருஷக்கணக்கில் மனதில் உறுத்தும். மருந்து உடம்பில் தங்குவதால் நாயோ காக்கையோ தொடக் கூடாது. கிணற்றையும் ஓடையையும் விட்டுத் தள்ளி, ஜேசிபி வைத்து ஆழமாகக் குழி எடுங்கள். மஞ்சளும் மாலையும் உங்கள் வழக்கப்படி.

பையனிடம் "வேறு ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் தேடிக்கொண்டே இருப்பான். "அவளுக்கு ரொம்ப வலிக்கிறது, சரி பண்ண முடியவில்லை, டாக்டர் மருந்து கொடுத்ததும் செத்துப்போவாள், அப்புறம் வலிக்காது" என்று நேராகச் சொல்லுங்கள். "தூங்க வைக்கிறோம்" என்றால் இரவில் படுக்கவே பயப்படுவான். முந்தின நாள் அவன் கையால் ஒரு வாழைப்பழம் கொடுக்கட்டும். ஊசி போடும்போது இருக்க வேண்டாம், மண் தள்ளும்போது இருக்க ஆசைப்பட்டால் விடுங்கள்.

கட்டுத்தறியில் வேறு மாடு இருந்தால், புதைக்கும் முன் அதையும் அவிழ்த்து வந்து மோந்து பார்க்க விடுங்கள். சில நாள் கத்தும், தீவனம் குறையும். அந்த நாட்களில் அதைத் தனியாகக் கட்டாமல் ஆள் நடமாட்டம் இருக்கிற பக்கமாகக் கட்டி வையுங்கள்.