டிசி வாங்கிட்டுப் போங்கன்னு சொன்னா…

வாசகர் கேள்வி – வக்கீல் பதில்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் கொலுசுப் பட்டறைக்குப் போறோம். பையனுக்கு 13 வயசு, எட்டாவது படிக்கிறான். முடி ஒழுங்கா வெட்டலன்னு ஜூன்லருந்தே பாதி நாள் கிளாசுக்கு வெளியதான் நிக்க வச்சாங்க. போன வாரம் ஒரு டீச்சரோட செல்போன் காணோம். இவன்தான்னு அடிச்சு, "நான்தான் எடுத்தேன்"னு எழுதி வாங்கிட்டாங்க. போன் இன்னும் கிடைக்கல. டிசி வாங்கிக்கிறீங்களா, இல்ல ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கட்டுமான்னு கேக்குறாங்க. என்னங்க செய்யறது?
– ஒரு அம்மா, சேலம்

பதில்: டிசி வாங்காதீங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

உங்ககிட்ட ஒரு வெள்ளைப் பேப்பரை நீட்டி, "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்"னு எழுதச் சொல்லுவாங்க. அதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா அவங்க அனுப்பினதா ஆகாது, நீங்களா கூட்டிட்டுப் போனதா ஆயிடும். எட்டாவது முடிக்கிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஸ்கூலை விட்டு நீக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் 16வது பிரிவு சொல்லுது, அடிக்கவோ மனசு நோக வைக்கவோ கூடாதுன்னு 17வது பிரிவு சொல்லுது. அது தெரிஞ்சுதான் உங்க கையாலயே எழுதி வாங்கப் பாக்குறாங்க.

போலீஸுன்னதும் பயந்துடாதீங்க. 2015 இளைஞர் நீதிச் சட்டமும் அதோட விதிகளும் 18 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்களை வேற மாதிரி நடத்தச் சொல்லுது. கொலை மாதிரி கொடுங்குற்றமோ, பெரியவங்களோட சேர்ந்து செஞ்சதோ இல்லன்னா எஃப்ஐஆர் போடக் கூடாது, பொது டைரியில குறிச்சுக்கணும், அவ்வளவுதான். லாக்கப்புல வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, கூட்டிட்டுப் போனா 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமம் முன்னாடி நிறுத்தணும். அங்க ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் ரெண்டு சமூகப் பணியாளர்களும் உக்காந்திருப்பாங்க. அடிச்சு எழுதி வாங்கின அந்தக் கடிதத்தை அங்க எதிர்த்துப் பேசலாம். வக்கீலுக்குக் காசு வேண்டாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பிள்ளைங்களுக்கு இலவசமாவே வச்சுத் தருவாங்க.

நான் டிசி விஷயத்துல இவ்வளவு பிடிவாதமா இருக்கறதுக்குக் காரணம் இருக்கும்மா. குழுமத்துல நான் பாத்த ஒரு பையன் ஸ்கூலை விட்டு ரெண்டு வருஷம் ஆகியும் ஸ்கூல் யூனிஃபார்ம் பேண்ட்தான் போட்டுட்டு வந்திருந்தான், இருக்கறதுலயே நல்ல பேண்ட் அதுதானாம், அடி மடிப்பை முழுசாப் பிரிச்சு விட்டும் கணுக்கால் தெரிஞ்சுது. அவனும் உங்க பையன் மாதிரி முடிக்காக வெளிய நின்னவன்தான். அப்புறம் டிசி, அப்புறம் தறியில கொஞ்ச நாள், அப்புறம் பகல்லயே பஸ் ஸ்டாண்டுல சுத்தறது, அப்புறம் எவனோ திருடிட்டு வந்த வண்டியில பின்னாடி உக்காந்து போனது. பத்தரை மணிக்கு கிளாஸ்ல உக்காந்திருக்கற பையனை எந்தப் போலீசும் பிடிக்கப் போறதில்ல. அதே நேரத்துக்கு ரோட்டுல நிக்கிற பையன்தான் கண்ணுல படறான், அதுவும் அவன் தெரு பேரைக் கேட்டாலே சந்தேகப்படறாங்க, எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரியுது.

டிசியில "மாணவரின் ஒழுக்கமும் பண்பும்"னு ஒரு வரி வரும். அதுல "நன்று"ங்கறதுக்குப் பதிலா வேற ஏதாவது எழுதிட்டா எந்த ஸ்கூல் கதவும் திறக்காது.

அதனால இன்னைக்கே ஜி.எச்.ல பையனைக் காட்டி, அடிபட்டதுக்குச் சீட்டு வாங்கி வைங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள், பட்டறையில அரை நாள் லீவு கேளுங்க. சிஇஓ, அதாவது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீசுலயும் ஒரு மனு குடுத்து சீல் வச்ச நகல் வாங்கிக்கங்க. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லிடுங்க. இதோட முடியாதும்மா, ஒன்பதாவதுக்குப் போனா அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, பத்தாவது ரிசல்ட்டுக்காக சுமாராப் படிக்கிறவங்களைக் கழிச்சு விடற வேலை அங்கதான் நடக்குது. இப்பவே எழுத்துல எல்லாம் இருந்தா அப்போ உதவும்.

கேள்வி: "ஸ்கூல் டு பிரிசன் பைப்லைன்"னு அமெரிக்காவுல சொல்றாங்களே, நம்மூருக்கு அது பொருந்துமா?
– கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: ஸ்கூல்ல தண்டிச்சு வெளிய அனுப்பற பிள்ளைங்க கடைசியில ஜெயில்ல போய் நிக்கறதைத்தான் அப்படிச் சொல்றாங்க. அங்க 1994ல ஒரு சட்டம் வந்துச்சு, ஸ்கூலுக்குத் துப்பாக்கி கொண்டு வந்தா ஒரு வருஷம் வெளியேத்தணும்னு. துப்பாக்கிக்குன்னு வந்த கண்டிப்பு போகப் போக வாய் பேசினதுக்கும் சண்டை போட்டதுக்கும் வந்து நின்னுச்சு. டெக்சாஸ்ல கிட்டத்தட்ட 10 லட்சம் மாணவர்களைத் தொடர்ந்து கவனிச்சு 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஏழாவதுலருந்து பன்னண்டாவதுக்குள்ள பத்துல ஆறு பேர் ஒரு தடவையாவது சஸ்பெண்டோ டிஸ்மிஸோ ஆனவங்க. ஸ்கூல் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கக் கூடிய சின்னத் தப்புக்கு அப்படி அனுப்பப்பட்டவங்க அடுத்த வருஷமே சிறார் கோர்ட் பக்கம் போற வாய்ப்பு மத்தவங்களை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. கறுப்பினப் பிள்ளைங்கதான் அதிகமா மாட்டினாங்க. நம்ம ஸ்கூல்ல போலீஸ் நிக்கறதில்ல, சஸ்பெண்ட் கணக்கும் யாரும் வைக்கறதில்ல, இங்க எல்லாமே டிசிங்கற ஒரு தாள்ல அமைதியா முடிஞ்சுடுது.

கேள்வி: ஏற்காடு மலையில வாத்தியாரா இருக்கேன். ஒரு பையன் பாக்கு போட்டுட்டு வர்றான், வாரக்கணக்குல லீவு போடறான். பிரம்பும் தொடக்கூடாதுன்னா நாங்க என்னதான் செய்யறது?
– ஆசிரியர், ஏற்காடு

பதில்: உங்க கஷ்டம் புரியுது சார், ஒரே ஆளு மூணு கிளாசையும் பாத்துட்டு, வராதவன் கணக்கும் எழுதணும். ஆனா பிரம்பைத் தமிழ்நாடு 2003லயே விதியிலருந்து எடுத்தாச்சு. அடி வாங்கினவன் மறுநாள் வரமாட்டான், அதுதான் எனக்குப் பெரிய கவலை. அதே மலையில பெரிய ஃபீஸ் கட்டற வீட்டுப் பிள்ளை பாக்கு போட்டா கவுன்சலிங் வைப்பாங்க, அப்பா கார்ல வந்து பேசிட்டுப் போவாரு. எஸ்டேட் வேலைக்காரர் பிள்ளைக்காகப் பேச வர ஆள் இல்ல, வந்தா அன்னைக்குக் கூலி போச்சு.

லீவு போடறான்னு சொன்னீங்களே, அது நவம்பருக்கு மேலயான்னு ரிஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்க. காபிப் பழம் பறிக்கற சீசன்னா அவன் ஊர் சுத்தல சார், அம்மாவோட பழக்கூடை தூக்கறான். பேரை அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை அவன் ஊருக்கே போய்ட்டு வாங்க. முட்டி போட வைக்க மாட்டேன், திங்கக்கிழமை வாடான்னு அவங்கம்மா முன்னாடி சொல்லிட்டு வாங்க.