செயலி 16 மதிப்பெண் காட்டுகிறது: தம்பிக்கு மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: தம்பிக்கு 26 வயது. ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை, வேலைக்கும் போவதில்லை. மொபைல் செயலியில் ஒன்பது கேள்விகளுக்குப் பதில் போட்டான். 16 மதிப்பெண், மனச்சோர்வு என்று காட்டி ஒரு மாத்திரையின் பெயரும் சொல்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: வேண்டாம். முதலில் ஒன்பதாவது கேள்விக்கு அவர் என்ன பதில் போட்டார் என்று பாருங்கள். சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பற்றியது அது. அதில் 0 இல்லையென்றால் நாளை வரை பொறுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் உங்களுக்கு அயனாவரம் வழியாகப் பக்கம்தான். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அந்தக் கேள்வித்தாள் பெரும்பாலும் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 ஆக இருக்கும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 வந்தாலே மருத்துவர் பார்க்க வேண்டும். 15 முதல் 19 வரை சற்றுக் கடுமையான நிலை. சோர்வு எவ்வளவு என்று அது சொல்லும், எதனால் என்று சொல்லாது.

மாத்திரை பெயர் சொல்லும் இப்படிப்பட்ட செயலி பெரும்பாலும் ஒரு வல்லுநர் அமைப்பு. 'இப்படி இருந்தால் இது' என்று மருத்துவர்களின் அறிவை விதிகளாக எழுதி வைத்த கணினி நிரல்தான் அது. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற இத்தகைய நிரல் கிருமித்தொற்றுக்கானது. தொற்றென்றால் கிருமியைச் சோதனைக்கூடத்தில் வளர்த்து உறுதி செய்துகொள்ளலாம். மனச்சோர்வை உறுதி செய்ய அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்காமல் விட்டது அமைப்புக்குத் தெரியவே தெரியாது.

அப்படி விட்டுப்போவதில் மிக ஆபத்தானது, சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய். முன்பு எப்போதாவது நாலைந்து நாள், தூங்காமலே களைப்பில்லாமல், ஓயாமல் பேசி, காசைத் தண்ணீராய்ச் செலவழித்தாரா? அந்த நோயின் சோர்வுக் கட்டத்திலும் இதே 16 வரும். அப்போது மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மேனியா என்ற அந்த அளவு மீறிய உற்சாக நிலை கிளம்பலாம். அவரைக் கேட்டால் "அப்போ நல்லாத்தானே இருந்தேன்" என்பார். பார்த்த நீங்கள்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த நாட்களைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். மதுப் பழக்கம், சாப்பிடும் மற்ற மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் அந்தப் பரிசோதனைகளையும் மருத்துவர் எழுதக்கூடும்.

மதிப்பெண் குறைவாக வந்தாலும் நம்பிவிட முடியாது. நம்மில் பலர் "மனசு சரியில்லை" என்பதில்லை. "நெஞ்சு படபடக்குது, கை கால் அசதி" என்பார்கள். சோகம் பற்றிய கேள்விக்கு 0 போட்டுவிடுவார்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு அதே செயலி நன்றாகவே உதவும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதிப்பெண் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். குறையவில்லை என்றால் அளவையோ மருந்தையோ மாற்றுவது அவர் வேலை, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.