அக்னி நட்சத்திரத்தில் பலூன் ஏறுமா?

பொங்கலையொட்டிப் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களின் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். ஒரே மாதிரிக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

பலூனைத் தூக்குவது நெருப்பா, புகையா? (காரைக்குடி)

இரண்டும் இல்லை. வெளியே இருக்கும் காற்றுதான் தூக்குகிறது. காற்று சூடானால் விரியும். விரிந்ததில் ஒரு பங்கு வெளியேறிவிட, பலூனுக்குள் மிஞ்சுவதன் எடை குறையும். சுற்றியுள்ள கனமான காற்று அடியில் புகுந்து அதை மேலே தள்ளும். செட்டிநாட்டு வளவு வீடுகளில் கூரையை அவ்வளவு உயரத்தில் வைத்து, மேலே காற்றுப் போக வழி விட்டதும் இதே கணக்கில்தான். புகை என்று நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1783-இல் பிரான்சில் பலூன் பறக்கவிட்ட மாங்கோல்ஃபியர் சகோதரர்களே அப்படித்தான் நம்பினார்கள். புகை நன்றாக வரட்டும் என்று வைக்கோலோடு கம்பளி ரோமத்தையும் போட்டு எரித்தார்கள். அந்த செப்டம்பரில் வெர்சாய் அரண்மனையில் அவர்கள் ஏற்றி அனுப்பியது ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். தரையோடு கட்டிவைக்காத பலூனில் மனிதர்கள் பறந்தது நவம்பரில்தான்.

அடிவாய் திறந்தே இருக்கிறதே, சூடான காற்று வெளியே போய்விடாதா? (கானாடுகாத்தான்)

சூடான காற்று மேலே போகத்தான் பார்க்கும், கீழே இறங்காது. வாய் திறந்திருப்பது நல்லதுதான். சூடேறி விரியும்போது மிச்சக் காற்று அந்த வழியாக வெளியேறும், துணி தெறிக்காது. இறங்க வேண்டுமென்றால் பைலட் கயிற்றை இழுப்பார், உச்சியில் உள்ள மூடி திறந்து சூடு வெளியேறும்.

நம் ஊர் சித்திரை வெயிலில் பலூன் இன்னும் சுலபமாக ஏறுமே? (தேவகோட்டை)

நல்ல கேள்வி, ஆனால் நேர்மாறு. உள்சூட்டுக்கும் வெளிச்சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பித்தான் பலூன் பறக்கிறது. நைலான் துணி தாங்க வேண்டுமே, அதனால் உள்ளே 100 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 950 கிராம். வெளியே 25 டிகிரி என்றால் அதே அளவு காற்று சுமார் 1,180 கிராம். வித்தியாசம் 230 கிராம். 2,200 கன மீட்டர் பலூனுக்கு ஏறக்குறைய 500 கிலோ தூக்கு கிடைக்கும். துணி, கூடை, பர்னர், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் 300 கிலோ போனால் மூன்று பேர் போகலாம்.

இப்போது 40 டிகிரிக்கு வாருங்கள். வெளிக்காற்று 1,130 கிராம் ஆகிவிடும். மொத்தத் தூக்கு 400 கிலோவுக்கு இறங்கும். பைலட் மட்டும் தனியாகப் போய்வர வேண்டியதுதான்! போதாக்குறைக்கு, வெயில் ஏறினால் செம்மண் பொட்டல் கொதித்து, அனல் குபுகுபுவென்று மேலெழும். அதில் சிக்கிய பலூன் பைலட் சொல்வதைக் கேட்காது. விழாவைத் தை மாதக் காலையில் வைப்பது சும்மா இல்லை.

ஸ்டியரிங் எங்கே? (பள்ளத்தூர்)

கிடையாது. ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் வீசும். வேண்டிய திசையில் வீசும் காற்றைத் தேடி ஏறுவார்கள், இறங்குவார்கள். பர்னரை அடித்தவுடனே பலூன் ஏறாது, சில நொடி பொறுக்க வேண்டும். அப்புறம், காற்றோடு காற்றாகப் போவதால் கூடைக்குள் காற்று முகத்தில் அடிக்காது.

கல்யாணத்தன்று மொட்டை மாடியிலிருந்து காகித விளக்குப் பலூன் விடலாமா? (கோட்டையூர்)

தத்துவம் அதேதான், ஆனால் இதில் பைலட்டும் இல்லை, கயிறும் இல்லை. எரிந்துகொண்டே யார் வீட்டு வைக்கோல் போரில் இறங்கும், எந்தக் கீற்றுக் கொட்டகையில் உட்காரும் என்று சொல்ல முடியாது. ஊரைச் சுற்றிக் காய்ந்த கருவை வேறு நிற்கிறது. வேண்டாம். அந்தக் காசுக்குப் பந்தியில் இன்னொரு கந்தரப்பம் போடுங்கள்.