வயர்களை வெட்ட வேண்டாம்: பழைய வீட்டு அலாரம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கனடாவின் ஸ்கார்பரோவில் 1999ஆம் ஆண்டு கட்டப்பட்ட வீடு ஒன்றைச் சென்ற கோடையில் வாங்கினோம். பேஸ்மென்டில் ஓர் இரும்புப் பெட்டியும், முன்வாசலருகே ஒரு கீபேடும், கதவு ஜன்னல்களில் சிறு வெள்ளைச் சென்சார்களும் இருக்கின்றன. பெட்டிக்குள் ‘டிஎஸ்சி பிசி5010’ என்று எழுதியிருக்கிறது. முன்பு இது வீட்டுத் தொலைபேசி வழியாக ஒரு கண்காணிப்பு நிலையத்தை அழைத்ததாம். எங்களிடம் இப்போது அந்தத் தொலைபேசி இணைப்பே இல்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வயர்லெஸ் அலாரம் வாங்கலாம் என்கிறார் கணவர். பழையதையே ‘ஸ்மார்ட்’ ஆக்கலாம் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இம்முறை மகன் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் வாங்கிய அலாரத்தின் மதிப்பில் பெரும்பங்கு சுவருக்குள் ஓடும் வயர்களில் இருக்கிறது. பூச்சு வேலை முடிந்த வீட்டில் ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் இன்று புதிதாக வயர் இழுக்க வேண்டுமென்றால் எவ்வளவு செலவாகும் என்று எந்த மின்பணியாளரிடமும் கேட்டுப் பாருங்கள். அந்த வெள்ளைச் சென்சாருக்குள் ஒரு கண்ணாடிக் குழாயும், காந்தம் அருகே வந்தால் ஒட்டிக்கொள்ளும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளும் மட்டுமே உள்ளன. அதற்கு பேட்டரி கிடையாது, வைஃபை கிடையாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அது பெரும்பாலும் பிழையின்றி வேலை செய்யும். வயர்லெஸ்ஸுக்கு மாறினால் அத்தனை சென்சார்களுக்கும் முறை வைத்து பேட்டரி மாற்றும் பொறுப்பு உங்கள் கணவருக்கு வந்து சேரும் என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

முதலில் இருப்பதைச் சோதித்துவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் நான்கைந்து புகைப்படங்கள் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் அது எந்த எண்ணுள்ள திருகில் மாட்டியிருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்; இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்தவர்கள்தாம் பின்னர் பாதி நாள் திண்டாடுகிறார்கள். அடுத்து, சுவர்ப் பிளக்கில் உள்ள டிரான்ஸ்பார்மரையும் பெட்டிக்குள் உள்ள பேட்டரியையும் பிரித்துவிட்டு, ஒரு ஸோனின் (தனிச் சுற்றாகப் பெட்டிக்கு வரும் ஒரு கதவு அல்லது ஜன்னலின்) வயரைக் கழற்றி, அதன் மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். கதவு மூடியிருக்கையில் 5,600 ஓம் அளவுக்குக் காட்டி, கதவைத் திறந்ததும் முற்றாகத் துண்டிக்கப்பட்டதாகக் காட்டினால், அந்தச் சுற்று நலமாக இருக்கிறது என்று பொருள். அந்த 5,600 ஓம், சுற்றின் கடைசியில் வைக்கப்படும் ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடைத் துண்டுடையது. வயரை யாரேனும் வெட்டினாலும், இரு முனைகளையும் சேர்த்து முறுக்கினாலும் பேனலுக்கு, அதாவது பெட்டிக்குள் உள்ள கட்டுப்பாட்டுப் பலகைக்கு, தெரியவேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்படுகிறது. மூடிய கதவுக்குச் சில ஓம்கள் மட்டும் காட்டினால், பச்சை, நீலம், சிவப்புப் பட்டைகள் கொண்ட அந்த ரெசிஸ்டரைப் பெட்டிக்குள் தேடுங்கள். வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்த பணியாளர்கள் பலர் அதைச் சென்சார் அருகே வைக்காமல் பெட்டியிலேயே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அலாரம் வேலை செய்யும். வயரை முறுக்கி ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்கும் திறன் மட்டும் இருக்காது.

இதற்குப் பின் இரண்டு வழிகள் உண்டு. பிசி5010 என்பது டிஎஸ்சி நிறுவனத்தின் ‘பவர் 832’ என்ற பேனல். எட்டு ஸோனில் தொடங்கி முப்பத்திரண்டு வரை விரிவாக்கலாம் என்பதால் அந்தப் பெயர். இந்தப் பேனலை அப்படியே வைத்துக்கொண்டு, கீபேட் மாட்டியிருக்கும் அதே சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நான்கு முனைகளில் என்விசாலிங்க் போன்ற ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையை இணைத்து, அதிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை ரவுட்டருக்குக் கொண்டுபோவது முதல் வழி. எந்தக் கதவு திறந்தது, அலாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பவை அதன்பின் கைபேசிக்கு வரும். வீட்டிலேயே ஒரு சிறிய கணினியில் ஓடக்கூடிய, 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளோடும் அது பேசும். பேனலை அகற்றிவிட்டு, ‘கனெக்டெட்’ என்ற பெயரில் கிடைப்பது போன்ற ஒரு பலகையில் எல்லாச் சென்சார் வயர்களையும் நேரடியாக மாட்டி, முடிவெடுக்கும் வேலையை மென்பொருளிடமே விட்டுவிடுவது இரண்டாவது வழி. பேனல் பழுதாகிவிட்ட வீடுகளுக்கும், முந்தைய அலாரம் நிறுவனம் பேனலின் அமைப்பை மாற்றத் தேவையான குறியீட்டைப் பூட்டிவிட்டுப் போன வீடுகளுக்கும் இது பொருந்தும்.

உங்களுக்கு நான் முதல் வழியையே பரிந்துரைக்கிறேன். இணையம் அறுந்தாலும், ரவுட்டர் செயலிழந்தாலும், மகன் நள்ளிரவில் மென்பொருளைப் புதுப்பிக்கிறேன் என்று எதையாவது கெடுத்து வைத்தாலும், பழைய பேனல் தன் பேட்டரியில் இயங்கிக்கொண்டே சைரனை ஒலிக்கும். இரண்டாவது வழியில், சுற்று திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மட்டுமே பலகை பார்ப்பதால் ரெசிஸ்டர்களைக் கழற்ற நேரும். வயரைச் சேர்த்து முறுக்குவதற்கு எதிரான பாதுகாப்பு அத்தோடு போய்விடும்.

பெட்டிக்கு வரும் வயர்களில் ஏதேனும் கூரையில் உள்ள புகைச் சென்சாருக்குப் போனால் அதை இந்தப் பலகைகளில் மாட்டவே வேண்டாம். தீ எச்சரிக்கைக்கான சுற்று வேறு வகையானது; அதற்கு அங்கீகாரம் பெற்ற பேனல்தான் வேண்டும். ஒண்டாரியோவின் தீத்தடுப்பு விதிகள் ஒவ்வொரு தளத்திலும், உறங்கும் அறைகளுக்கு வெளியிலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்கின்றன. அதை இந்த மாற்றத்தோடு குழப்பிக்கொள்ளாமல் தனியாகவே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். டொராண்டோ காவல்துறை 2018 செப்டம்பர் முதல், வெறும் திருட்டு அலாரம் ஒலித்தது என்பதற்காக மட்டும் ஆள் அனுப்புவதில்லை. கேமராக் காட்சி, ஒலி, நேரில் கண்டவர், ஒன்றுக்கு மேற்பட்ட ஸோன்களில் அசைவு என்று ஏதேனும் ஒன்றால் அது உறுதிப்பட வேண்டும். ஆகவே, முன்வாசல் ஸோன் திறந்ததும் கேமரா பதிவு தொடங்கி அந்தப் படம் உங்கள் கைபேசிக்கு வரும்படி அமைப்பதே இந்த மேம்பாட்டில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய பயன். வீட்டுக் காப்பீட்டில் அலாரத்துக்காகத் தள்ளுபடி கிடைக்கிறதா, அதற்குக் கட்டணக் கண்காணிப்பு கட்டாயமா என்பதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலே சொன்னது போன்ற பலகையை என் மருமகன் எங்கள் மிசிசாகா வீட்டில் மாட்டிவிட்டார். நானோ அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமையலறைக்குப் போகும் பழக்கமுள்ளவள். இரண்டு முறை சைரன் அலறி, பக்கத்து வீட்டார் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். அதை நிறுத்திவிடச் சொல்லலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா, இரவில் அது தவறான நிலையில் போடப்படுகிறது. இந்தப் பேனல்களில் வெளியே போகும்போது போடும் நிலை ஒன்று, உள்ளே இருக்கும்போது போடும் நிலை இன்னொன்று. இரண்டாவதில் கதவு ஜன்னல்கள் மட்டும் காவலில் இருக்கும். வீட்டுக்குள் நடமாட்டத்தைக் காணும் சென்சார்கள் விலக்கி வைக்கப்படும். கீபேடில் குறியீட்டை அழுத்திவிட்டு வெளிக்கதவைத் திறக்காமல் இருந்தால், பொதுவாக டிஎஸ்சி பேனல் நீங்கள் உள்ளேயே இருக்கிறீர்கள் என்று தானாகப் புரிந்துகொள்ளும். உங்கள் மருமகன் கைபேசிச் செயலியில் தூங்கப்போகும் நேரத்துக்கு வெளியே போகும் நிலையையே தானாகப் போடும்படி வைத்திருக்கக்கூடும்; அதை மாற்றச் சொல்லுங்கள். நடமாட்டச் சென்சார் காவலில் இல்லாதபோதும் அசைவைப் பேனலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பதால், நீங்கள் எழுந்து வரும்போது நடைவழி விளக்கு மெல்ல எரியும்படியும் அவரால் அமைத்துக் கொடுக்க முடியும்.

அவருக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். குரலால் அலாரத்தை நிறுத்தும் வசதியைக் குறியீடு இல்லாமல் அனுமதிக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே நின்று கத்துபவனுக்கும் அந்தக் குரல் கருவி கீழ்ப்படியும். பலகையோடு வந்த கடவுச்சொல்லையும், பேனலில் 1234, 5555 என்று ஆலையிலிருந்தே வந்த குறியீடுகள் இன்னும் இருந்தால் அவற்றையும் இன்றே மாற்றவேண்டும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். எங்களிடம் இருப்பது ஹனிவெல் விஸ்டா 20பி என்ற அலாரம் பேனல். ‘3ஜி நின்றுவிட்டது, உங்கள் அலாரம் முழுவதும் பயனற்றது, புதிதாக எல்லாம் வயர்லெஸ்ஸாகப் போட்டுப் பல ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்’ என்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. உண்மையா?

பதில்: முதல் பகுதி உண்மை, மற்றது வியாபாரம். அமெரிக்கக் கைபேசிச் சேவை நிறுவனங்களான ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரி 22இலும், வெரைசன் அதே ஆண்டின் இறுதியிலும் 3ஜி சேவையை நிறுத்தின. அதனால் செயலிழந்தது வெளியுலகோடு பேசும் செல்லுலார் கருவி மட்டுமே. அதற்குப் பதில் 4ஜி எல்டிஇ கருவி ஒன்றையோ இணைய வழிப் பலகையையோ அதே பேனலில் மாட்டலாம். சென்சார்கள், சைரன், கீபேட் அனைத்தும் அப்படியே இருக்கும். விஸ்டாவின் ரெசிஸ்டர்கள் 2,000 ஓம் அளவுள்ளவை. இணையத்தில் டிஎஸ்சிக்கான குறிப்பைப் படித்துவிட்டு 5,600 ஓம் வாங்கிவிடாதீர்கள். இந்தப் பேனலின் முதல் ஸோனில் இருவயர்ப் புகைச் சென்சார்களை இணைக்க முடியும் என்பதால், அதில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல் பேனலை யாரும் கழற்ற அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கீபேடில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, இடையிடையே ‘பீப்’ என்று ஒலிக்கிறது. ஸ்மார்ட் பலகை மாட்டினால் இது சரியாகுமா?

பதில்: ஆகாது, கைபேசியிலும் சேர்ந்து ஒலிக்கும். பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றவேண்டிய பொருள் அது. பழையதன் மேல் எழுதியுள்ள 4 அல்லது 7 ஆம்பியர்-மணி அளவைப் பார்த்து அதே அளவில் புதியது வாங்கி, சிவப்பு வயரைச் சிவப்பு முனையிலும் கறுப்பைக் கறுப்பிலும் செருகுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பேட்டரி சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.