அண்ணா பறித்த போனும் 365அ பிரிவும்

கேள்வி: கல்லடியில் இருக்கிறேன். வயது 26, பெண். செங்கலடியில் இருக்கும் ஒரு பெண்ணும் நானும் மூன்று வருடமாக விரும்புகிறோம். பாசிக்குடாவில் நாங்கள் எடுத்த செல்ஃபிகளை அண்ணா பார்த்துவிட்டார். மச்சாளுக்கு முன்னாலேயே அடித்தார். போன், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அவரிடம். வேலைக்கும் விடுவதில்லை. ஆவணிக்குள் கல்யாணமாம். பொலிசுக்குப் போனால் எங்கள் இரண்டு பேரையும்தான் உள்ளே போடுவார்களாம். உண்மையா? (மச்சாளின் போனில் எழுதுகிறேன்.)

பதில்: தங்கச்சி, அண்ணா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை மறைத்து ஆறுதல் சொன்னால் நாளை பொலிசில் நீங்கள்தான் தடுமாறுவீர்கள். ஒரே பாலாருக்கிடையிலான பாலியல் செயல்களைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை. ஆண்களை மட்டும் பிடித்த அந்தப் பிரிவுக்குள் பெண்களையும் இழுத்துவிட்டது 1995 திருத்தம். இரண்டு வருடம் வரை சிறை. இதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமே சொல்லியும் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

ஆனால் அந்தப் பிரிவு தண்டிப்பது ஒரு செயலை. ஒருவரை விரும்புவதை அல்ல. கடற்கரையில் தோளோடு தோள் நின்ற படம் குற்றத்துக்குச் சாட்சியாகாது. அண்ணா செய்ததுதான் குற்றம்: அடித்தது, அடைத்து வைத்தது, மிரட்டுவது. 18 வயது தாண்டிய உங்களை அடைத்துவைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. நீங்கள் சம்மதித்துக் கையெழுத்து வைக்காமல் விவாகப் பதிவும் நடக்காது.

முறைப்பாட்டில் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். அடித்த திகதி, எடுத்துவைத்த பொருட்கள், வேலைக்கு விடாதது, இவ்வளவும் போதும். ஏன் அடித்தார் என்று கேட்டால், ‘கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை’ என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதானே! உங்கள் காதலைப் பொலிஸ் புத்தகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். காயம் இருந்தால் மாறுவதற்கு முன் போதனா வைத்தியசாலையில் காட்டிவிடுங்கள்.

பொலிஸ் இழுத்தடித்தால் நேரே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவனுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் அது பொருந்தும். அண்ணா உங்களை நெருங்கக்கூடாதென்று 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும்; விசாரணை முடியும்வரை இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம்.

பொலிசிலேயே அவமானப்படுத்தினால், காரணமில்லாமல் மறித்து வைத்தால், ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் முறையிடுங்கள். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

வழக்குச் செலவுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது மச்சாளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடி விழுந்ததைக் கண்ணால் கண்டவர் அவர்தான்.