வாசகர் கேள்வி - பதில்: ரோப்காரில் ஒரு நாள்

அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு மூட்டுவலி, பிள்ளைகள் இரண்டு பேர். ரோப்காரில் ஏறி மலையும் பார்க்க வேண்டும், ராத்திரி வீட்டில் வந்து படுக்கவும் வேண்டும். எங்கே போகலாம்?
*- வாசகி, கும்பகோணம்*

குளித்தலை பக்கத்தில் இருக்கும் அய்யர்மலைக்குப் போங்கள். ரத்தினகிரீஸ்வரர் கோயிலுக்கு 1017 படிகள். முழங்கால் சரியில்லாதவர்கள் இத்தனை வருஷம் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். 2024 ஜூலையில் ரோப்கார் வந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது.

கும்பகோணத்திலிருந்து தஞ்சை 40 கி.மீ., அங்கிருந்து திருச்சி 56, திருச்சியிலிருந்து குளித்தலை சுமார் 40. குளித்தலையிலிருந்து மணப்பாறை சாலையில் இன்னும் எட்டு கி.மீ. போனால் மலை. மொத்தம் 145 கி.மீ. வரும். நடுவில் ஒரு காபி குடித்துப் போனால் மூன்றரை மணி நேரம். ரயில்தான் வசதி என்றால் திருச்சி - கரூர் பாதையில் குளித்தலையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது.

நாளை எப்படிப் பிரிப்பது என்பதை அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள்: 'காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருவீங்கோய்நாதர்.' மூன்று சிவன் கோயில்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இது, சொக்கர் என்பது அய்யர்மலைச் சாமி. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் முக்கொம்பு, பெருகமணி, பேட்டைவாய்த்தலை வழியாக எட்டரைக்குக் குளித்தலை கடம்பவனேஸ்வரர் கோயிலில் இருக்கலாம். பத்து மணிக்கு அய்யர்மலை அடிவாரம். வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலை டிக்கெட். போக வர இரண்டுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டு, கடைசிப் பெட்டி எத்தனை மணிக்கு இறங்கும் என்பதையும் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் மேலே போய், 1017 படியை இறங்கி வந்தவர்கள் உண்டு. மூட்டுவலிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் மோசம்.

உச்சிக்காலப் பூஜை பார்த்துவிட்டு இரண்டு மணிக்குள் கீழே வந்து சாப்பிடுங்கள். பிறகு காவிரிப் பாலத்தைத் தாண்டி முசிறி, அங்கிருந்து திருஈங்கோய்மலை. அங்கே ரோப்கார் கிடையாது, ஏறத்தாழ 500 படிகள். பெரியவர்கள் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் ஏறி வாருங்கள். திரும்பும்போது மறுபடி குளித்தலைக்குப் போக வேண்டியதில்லை. வடகரையிலேயே குணசீலம் வழியாகத் திருச்சி வந்துவிடலாம்.

பிள்ளைகளிடம் சொல்ல அய்யர்மலைக் கதை ஒன்றும் இருக்கிறது. தொலைந்த மாணிக்கத்தைத் தேடி வந்த ஆரிய அரசனிடம், 'இந்தக் கொப்பரையைக் காவிரித் தண்ணீரால் நிரப்பு' என்றாராம் சாமி. எத்தனை குடம் ஊற்றியும் நிரம்பவில்லை. கோபத்தில் அரசன் வாளை வீசினான். அதனால்தான் அய்யர்மலைக்குத் திருவாட்போக்கி என்று பெயர்.

பழனியில் ரோப்கார், வின்ச் இரண்டும் இருக்கிறதே, எதில் போவது? தஞ்சாவூரிலிருந்து ஒரே நாளில் முடியுமா?
*- வாசகர், தஞ்சாவூர்*

முடியும், ஆனால் உடம்பு சொல்லும். திண்டுக்கல் வழியாகப் போனால் ஒரு வழிக்கு 215 கி.மீ. ஆகிறது. முதல் நாள் மதியம் கிளம்பி, ராத்திரி பழனியில் தங்கி, காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

வின்ச் 1966-லிருந்து ஓடுகிறது. தண்டவாளத்தில் இழுத்துச் செல்லும் பெட்டி, எட்டு நிமிஷம் போல ஆகும். மேற்கு கிரிவீதியில் ஏற வேண்டும். ரோப்கார் 2004-ல் வந்தது. தெற்கு கிரிவீதியில் ஏறினால் மூன்றே நிமிஷத்தில் மேலே. ஆட்டோவில் இறங்கும்போதே இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தப்பான பக்கம் இறங்கினால் வயதானவர்களோடு கிரிவீதியில் நடக்க வேண்டியிருக்கும், அங்கே இப்போது தனியார் வண்டிகளை விடுவதில்லை.

காட்சிக்கு ரோப்கார், நிச்சயத்துக்கு வின்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்துவார்கள், வின்ச் தரையோடு போவதால் அந்தத் தொல்லை குறைவு. ரோப்கார் தினமும் மதியம் ஒன்றரை மணிவாக்கில் பராமரிப்புக்காக ஒரு மணி நேரம் நிற்கும். மாதத்தில் ஒரு நாள் முழுக்க நிற்கும். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதத்துக்கு மேலேயும் நிறுத்தி, வடத்தையும் உருளைகளையும் பிரித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஆனி, ஆடி வாக்கில்தான் இது வரும். அதனால் கிளம்புகிற வாரத்தில் நாளிதழின் பழனிச் செய்தியை ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்கு செல்போன் கொண்டுபோக முடியாது. கீழேயே ஒப்படைத்துவிட வேண்டும். எனவே மேலே போனதும் 'போன் பண்ணிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்' என்று பிரிந்து போகாதீர்கள். எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று கீழேயே பேசிக்கொள்ளுங்கள், ஒருவர் கையிலாவது கடிகாரம் இருக்கட்டும். தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் ரோப்கார் ஆசையை மறந்துவிடுவது நல்லது. சம்பா அறுவடை முடிந்த மாசி மாதத்து வாரநாள்தான் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தோதானது.

பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அந்த ஒரு பயத்தில் வீட்டில் யாரும் வர மறுக்கிறார்கள்.
*- வாசகர், திருவாரூர்*

அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மேலே ஒரு பெரிய சக்கரம், கீழே ஒரு பெரிய சக்கரம். இரண்டையும் சுற்றி முடிவில்லாத எஃகு வடம், கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுகிற மாதிரி. எஃகுக் கம்பிகளைப் புரிகளாக முறுக்கி, அந்தப் புரிகளை மறுபடி முறுக்கிச் செய்த வடம் அது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். பெட்டியின் தலையிலிருந்து வருகிற கை வடத்தைக் கவ்வியிருக்கும். நடுவே உள்ள தூண்களில் வரிசையாகச் சின்ன உருளைகள், அவற்றின் மேல்தான் வடம் ஓடுகிறது. பெட்டி தூணைத் தாண்டும்போது 'கடகட' என்று ஒரு அதிர்வு வரும், தூக்கிப் போட்ட மாதிரி இருக்கும். முதல் தடவை ஏறுகிறவர்கள் அலறுவது அங்கேதான். கவ்வி உருளை மேல் ஏறி இறங்குகிற சத்தம் அது, பழுது இல்லை.

நடுவழியில் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. ஒன்று மின்தடை: மோட்டார் நின்றதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பெட்டி பின்னால் ஓடாது. ஜெனரேட்டரிலோ டீசல் எஞ்சினிலோ மெதுவாக இழுத்துக்கொள்வார்கள். இரண்டாவது, ஏறும் இடத்தில் யாராவது தடுமாறினால் ஊழியரே பொத்தானை அழுத்தி நிறுத்துவது. ஒரு நிமிஷத்தில் கிளம்பிவிடும். மூன்றாவது காற்று, இதைத்தான் மதிக்க வேண்டும். பக்கவாட்டில் அடித்தால் பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆட்டம் மிஞ்சினால் தூணில் இடிக்கலாம், வடம் உருளையை விட்டு நகரலாம். அதனால்தான் நிறுத்துகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பழனி, கரூர் பக்கமெல்லாம் ஆனி, ஆடியில் என்ன பாடு படுத்தும் என்று கேட்டுப் பாருங்கள். அம்மி பறக்கிற மாதத்தில் ரோப்கார் பறக்காதது நல்லதுதான். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் இருந்தாலும் நிறுத்துவார்கள்.

நின்றுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, உட்கார்ந்திருப்பதுதான். கதவின் தாழ்ப்பாளைத் தொடாதீர்கள். நான்கு பேரில் இருவர் எழுந்து ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால் பெட்டி சாயும், எதிரே இருப்பவருக்குக் குலை நடுங்கும். ஏறும்போதே கனமானவர் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம் என்றில்லாமல் எடையைப் பிரித்து உட்காருங்கள். புடவைத் தலைப்பும் துப்பட்டா நுனியும் கதவு மூடுவதற்குள் மடியில் இருக்கட்டும். வெயிலில் நின்றால் பெட்டிக்குள் அனல் அடிக்கும், அதனால் ஆளுக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் கையில் இருக்க வேண்டும். பெரியவர்களின் மாத்திரையைக் கீழே வண்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

விபத்தே நடந்ததில்லையா என்றால், நடந்திருக்கிறது. பழனியிலேயே 2007-ல் உயிர்ச்சேதம் ஆகி, சேவை நீண்ட நாள் நின்றது. மேலே சொன்ன பராமரிப்பு நிறுத்தங்களைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

உயரத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?
*- வாசகி, மன்னார்குடி*

ஏறும்போது மலையைப் பார்த்த மாதிரி இருக்கையைப் பிடியுங்கள். பாறை உங்களை நோக்கி வரும், பள்ளம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இறங்கும்போதும் மலையைப் பார்த்தே உட்காருங்கள். காலடியைப் பார்க்காமல் தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள். பழனி மலை அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 450 அடி. நம் பெரிய கோயில் விமானம் 216 அடி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விமானம், மூன்று நிமிஷம். அவ்வளவுதான்.

திருச்சி உச்சிப்பிள்ளையாருக்கு ரோப்கார் உண்டா?
*- வாசகர், பாபநாசம்*

இல்லை. படிதான்.

கட்டுச்சோறு எடுத்துப் போனால் மதியத்துக்குள் தயிர்சாதம் புளித்துவிடுகிறது. ஆறு பேருக்கு என்ன அளவு?
*- வாசகி, மயிலாடுதுறை*

புளிப்பதற்குக் காரணம் தயிரை அளவுக்கு மேல் ஊற்றுவது. 400 கிராம் பச்சரிசியை ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்துக் குழைய வடித்து, சூட்டோடு மசித்துவிடுங்கள். காய்ச்சி ஆறிய பால் அரை லிட்டர் ஊற்றி, சாதம் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டே ஸ்பூன் தயிர். பார்ப்பதற்குக் கஞ்சி மாதிரித்தான் இருக்கும், பயப்படாதீர்கள். வழியிலேயே உறைந்து, ஒரு மணிக்குத் திறக்கும்போது கெட்டியாக இருக்கும். தாளிப்பு ஆறிய பிறகு சேருங்கள். வெங்காயமும் மாங்காயும் உள்ளே போடாமல் தனியே எடுத்துப் போங்கள். இதோடு 500 கிராம் அரிசியில் புளியோதரை இருந்தால் ஆறு பேருக்கும் வயிறு நிறையும். புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் மேலே மிதக்க வேண்டும், கையை அடக்கினால் மத்தியானத்துக்குள் சாதம் வறண்டுவிடும்.

சாப்பாட்டுப் பையை மலைக்கு மேலே தூக்கிப் போகாதீர்கள். குரங்குக்குப் பாலித்தீன் பை சரசரத்தால் போதும். சாப்பாடு கீழே, வண்டியில். காலையில் எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்து, ரோப்காரில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இட்லியோடு முடித்துக்கொண்டால் குழந்தைகள் வாந்தி எடுக்க மாட்டார்கள்.

மகன் குல்மர்க் கோண்டோலாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். 65 வயதில் போகலாமா?
*- வாசகர், நாகப்பட்டினம்*

காஷ்மீரின் குல்மர்க் கோண்டோலா இரண்டு கட்டமாக ஏறுகிற ரோப்கார். முதல் கட்டம் தாராளமாகப் போகலாம். இரண்டாம் கட்டம் யோசித்து. குல்மர்க்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். முதல் கட்டம் கொங்டூரி வரை, ஏறத்தாழ 3,080 மீட்டர். இரண்டாவது அபர்வத் மலைத்தோள், 3,900-ஐத் தாண்டும். நீங்கள் கடல் மட்டத்தில் வாழ்கிறவர். ஒரே மூச்சில் அங்கே போய் நின்றால் தலைவலி, மூச்சிரைப்பு வரும், பத்தடி நடந்தால் உட்காரத் தோன்றும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இரண்டாம் கட்டத்துக்கு டிக்கெட் போட வேண்டாம். ஸ்ரீநகரில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போனால் உடம்பு கொஞ்சம் பழகும். டிக்கெட் ஆன்லைனில்தான், நேரம் குறித்துத் தருவார்கள், அசல் அடையாள அட்டை கையில் வேண்டும். மேல் கட்டம் காற்றுக்கு அடிக்கடி நிற்கும் என்பதால், குல்மர்க்குக்குப் போகிற நாளைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள்.